யார் வீட்டுக் காய்ச்சல்?

பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் போதும், பிள்ளைகளின் உடம்பைப் பற்றி நமக்கு அறிவுரை சொல்லாதவர் இல்லை. வெறும் வயிற்றோடு அனுப்பாதே, ஒன்பது மணிக்கே தூங்க வை, சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல், தண்ணீர் குடிக்கச் சொல். எல்லாம் நல்ல வார்த்தைகள்தாம். வைத்தியர்கள் சொல்கிறார்கள், ஆசிரியர்கள் சொல்கிறார்கள், நாமும் தலையை ஆட்டிவிட்டு நம் வழியில் போகிறோம். கதை எழுதிப் பிழைக்கிற நானும் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கப் போவதில்லை. எனக்கு இருப்பது ஒரு சந்தேகம். உடம்பைப் பற்றிய சந்தேகம்போல் அது தோன்றும். உண்மையில் மனச்சாட்சியைப் பற்றியது.

காலை ஏழு மணிக்குக் குழந்தையின் நெற்றி சுடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அனலாய்க் கொதிக்கவில்லை, கையை வைத்தால் தெரிகிற அளவு. மூக்கு ஒழுகுகிறது. அலமாரியில் பாரசிட்டமால் மருந்து இருக்கிறது. ஒரு மூடி கொடுத்தால் அரை மணியில் உடம்பு குளிர்ந்துவிடும். எட்டு மணிக்கு வேன் வந்துவிடும். தாய் மருந்தைக் கொடுத்து, தலை சீவிவிட்டு, அனுப்பிவிடுகிறாள். அவள் செய்தது சரியா, தப்பா?

"இதில் என்ன ஐயா பெரிய தத்துவம்?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

நான் வசிக்கிற உழவர்கரையைப் பற்றி இந்த இடத்தில் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். பழைய பெயர் ஒழுகரை என்பார்கள். பிரெஞ்சுக்காரர் வாயில் அது ஊல்கரே ஆயிற்று. பெயரில் உழவர் இருக்கிறாரே தவிர ஊரில் அவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வயல்கள் மனைகளாகி, மனைகள் 'நகர்'களாகி, இன்று ரெட்டியார்பாளையமும் மூலகுளமும் லாஸ்பேட்டையும் கோரிமேடும் ஒன்றோடொன்று தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன. எங்கள் தெரு ஒன்றிலேயே ஜிப்மர் ஆஸ்பத்திரி ஊழியர் இருக்கிறார், மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்குக் காலையில் ஓடுகிற பெண்கள் இருக்கிறார்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர் இருக்கிறார், மளிகைக்கடைக்காரர் இருக்கிறார். இவர்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடுவதில்லை. கல்யாணத்துக்குப் போனால் உறையில் பணம் வைத்துவிட்டுத் திரும்புவதோடு சரி. ஆனால் காலை எட்டு மணிக்கு இவர்கள் எல்லாருடைய பிள்ளைகளும் ஒரே வேனில் மடிமேல் மடியாக உட்கார்ந்து போகிறார்கள். பெரியவர்கள் கட்டிய மதில்கள் எல்லாம் அந்த வேனுக்குள் இல்லை. ஒரு பிள்ளை தும்மினால் பதினைந்து குடும்பத்துக்கு அதில் பங்கு உண்டு.

மருந்து சூட்டைத்தான் தணிக்கிறது. சூடு தணிந்த பிள்ளையிடமிருந்து நோய் பரவாது என்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை. மருந்தின் உதவியில்லாமல் காய்ச்சல் இறங்கி, ஒரு முழு நாள் கழிந்த பிறகே பள்ளிக்கு அனுப்புங்கள் என்பதுதான் அவர்கள் சொல்லும் கணக்கு. அப்படியானால் அந்த ஒரு மூடி மருந்து நோய்க்குக் கொடுத்த மருந்தல்ல. நோயை ஆசிரியையின் கண்ணுக்குத் தெரியாமல் செய்ய உடுத்திய வேஷம். வீட்டில் இருந்த காய்ச்சலைத் தாய் வெளியே அனுப்பிவிட்டாள், அதற்குச் சீருடையும் போட்டு.

எங்கள் சிறு வயதில் இதற்கு வேறு ஒரு நாகரிகம் இருந்தது. வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தால் அந்த வீட்டில் அம்மை போட்டிருக்கிறது என்று தெருவுக்கே தெரியும். அப்படிக்கூடச் சொல்ல மாட்டார்கள். "அம்மா வந்திருக்கிறாள்" என்பார்கள். பால்காரர் வாசலோடு நின்றுவிடுவார். பிச்சைக்காரர்கூடக் குரல் கொடுக்காமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அந்த வீட்டில் தாளிக்க மாட்டார்கள், எண்ணெய் காய மாட்டார்கள், வெளியூர் போக மாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளை வேப்பிலைப் படுக்கையில் இருக்கும். மூன்றாம் தண்ணீர் ஊற்றினால்தான் வீடு மறுபடி வீடாகும். அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளும் பிள்ளைக்கு இருந்த மரியாதை இருக்கிறதே, அதை என்ன சொல்ல! இளநீர் என்ன, நுங்கு என்ன, கையில் வேப்பிலை வைத்துத் தடவிக் கொடுக்கும் பாட்டி என்ன! கணக்குப் பாடம் போய்விட்டதே என்று யாரும் அழுததாக எனக்கு நினைவில்லை.

மூட நம்பிக்கைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. பெரியம்மை இந்த நாட்டில் எத்தனை தலைமுறைகளைக் கொண்டுபோயிற்று, எத்தனை கண்களைப் பறித்தது என்பதெல்லாம் தெரியும். அதை ஒழித்தது வேப்பிலையல்ல, ஊசி. இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975-ல் கண்டறியப்பட்டார். 1980-ல் உலகமே அந்த நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. சின்னம்மைக்கும் வேப்பிலை வைத்தியமாகிவிடாது. கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அது பிறருக்குத் தொற்றிக்கொள்ளும் என்பதால், காவல் என்கிற வகையிலும் வாசல் வேப்பிலை கொஞ்சம் தாமதமாக வந்த காவல்தான்.

ஆனால் அது ஒன்றைச் செய்தது. உண்மையைச் சொல்லிற்று. 'எங்கள் வீட்டில் நோய் இருக்கிறது, வராதீர்கள்' என்று வாய்விட்டுச் சொல்ல வெட்கப்படுகிறவர்கள்கூட அந்தக் கொத்தைச் செருக வெட்கப்படவில்லை. நோயை அவமானமாக இல்லாமல் விருந்தாளியாக, அதுவும் தெய்வ விருந்தாளியாக மாற்றிவிட்டதால், மறைக்க வேண்டிய அவசியமே எழவில்லை. ஒதுங்கியிருப்பது தண்டனையாக இல்லாமல் விரதமாக இருந்தது. பிறர் பிள்ளைக்கு வந்துவிடக் கூடாது என்ற எண்ணம் நம் ஜனங்களுக்கு அறிவியல் சொல்லித்தான் வர வேண்டும் என்பதில்லை; அதற்கு ஒரு வாசல் இருந்தது, அதில் செருக ஒரு கொத்தும் இருந்தது.

இப்போது வேப்பிலையின் இடத்தில் ஒரு சான்றிதழ் தொங்குகிறது.

எங்கள் தெருவில் ஒரு நண்பர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். "மூணு வருஷமா ஒரு நாள் லீவு கிடையாது சார் என் பொண்ணு. நூத்துக்கு நூறு!" என்றார். அந்தப் பெண் பக்கத்திலேயே நின்றாள், பத்து வயது இருக்கும், கெட்டிக்காரி. "மூணு வருஷத்துல உடம்புக்கே வரலியா?" என்று கேட்டேன். தகப்பனார் சிரித்துக்கொண்டே, "வராம என்ன சார்? நாங்க வேணாம்னாலும் அவ கேட்க மாட்டா. போன டிசம்பர்ல நூத்தியொண்ணு காய்ச்சல். டீச்சர்கிட்ட சொல்லாதீங்கன்னு அழுது, போயிட்டே வந்தா" என்றார்.

அவர் நல்ல மனிதர். பிறருக்குத் தீங்கு நினைக்காதவர். சோம்பல் இல்லாமல், கடமை தவறாமல் பிள்ளை வளர வேண்டும் என்று ஆசைப்படுகிறார். நூறு நாளும் தவறாமல் போவது ஒரு குணம் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் அந்த டிசம்பர் காலையில் பத்து வயதுப் பெண் எதைக் கற்றுக்கொண்டாள்? உடம்பில் இருப்பதை ஒளிக்கக் கற்றுக்கொண்டாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைக்கு ஆஸ்துமா இருந்ததா, அந்தப் பிள்ளை வீட்டில் எண்பது வயதுத் தாத்தா இருந்தாரா என்று கேட்க அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வராமல் இருந்ததற்காக, 'பிறரை எண்ணி வீட்டில் இருந்தாள்' என்று எழுதி ஒரு பிள்ளைக்குச் சட்டம் போட்ட சான்றிதழ் கொடுத்த பள்ளியை நான் இன்னும் பார்க்கவில்லை. பரிசு எதற்குக் கொடுக்கிறோமோ அதுதான் நம் வேதம்.

2023 மார்ச் மாதம் நினைவிருக்கும். எச்3என்2 என்கிற இன்ஃபுளூயன்சா பரவுகிறது என்று புதுச்சேரி அரசு 16-ஆம் தேதி முதல் 26-ஆம் தேதி வரை எட்டாம் வகுப்பு வரையில் எல்லாப் பள்ளிகளையும் மூடிற்று. தெருவில் பெரிய விவாதம். "கொரோனாவுக்கு மூடினது போதாதா?" என்றார்கள் சிலர், "பிள்ளை உயிர் முக்கியம்" என்றார்கள் சிலர். எனக்கு வேறொன்று தோன்றியது. காய்ச்சல் உள்ள பிள்ளைகளை அவரவர் வீட்டில் வைத்துக்கொள்ள முடிந்த ஊராக நாம் இருந்திருந்தால், காய்ச்சல் இல்லாத அத்தனை பிள்ளைகளையும் சேர்த்து அடைத்துப்போட வேண்டிய அளவு குறைந்திருக்குமோ? முழுதும் தவிர்த்திருக்கலாம் என்று சொல்ல மாட்டேன். இந்தக் காய்ச்சல் தன்னைக் காட்டிக்கொள்வதற்கு முந்தின நாளே அடுத்தவரைத் தொட்டுவிடும். ஆனாலும் தனி மனிதர்கள் செய்யத் தவறுகிற சின்னக் காரியங்களைத்தான் அரசாங்கம் கடைசியில் பெரிய கதவாகச் சாத்துகிறது.

இவ்வளவையும் மனத்தில் எழுதி முடித்து, 'அனுப்பிய தாய் தப்புச் செய்தாள்' என்று தீர்ப்புக்கு வந்த சமயத்தில், மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் ஒரு பெண்ணோடு பேச நேர்ந்தது. அவளுடைய பையனும் அதே வேனில் போகிறவன். என் தர்க்கத்தை அவளிடம் விவரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"நீங்க சொல்றது நியாயந்தாண்ணா. வீட்ல வெச்சிக்கலாம். யாரு வெச்சிக்கறது?"

நான் பேசாமல் இருந்தேன். அவளே மேலே சொன்னாள்.

"எனக்குக் காய்ச்சல்னா இ.எஸ்.ஐ.ல சீட்டு வாங்கி லீவு போடலாம். கொஞ்சம் பணமும் வரும். புள்ளைக்குக் காய்ச்சல்னா மருந்து வரும், சம்பளம் வராது. மூணு நாள் போகலன்னா சூப்பர்வைசர் வேற ஆளைப் போட்டுடுவாரு. அவங்கப்பா பெயின்ட் வேலை. ரெண்டு பேர்ல யாரு நின்னாலும் அன்னிக்கு அடுப்பு பாதிதான் எரியும்."

அவள் சொன்னது சரிதான். தொழிலாளி தானே நோய்ப்பட்டால் ஈட்டுறுதித் திட்டம் கூலியில் நூற்றுக்கு எழுபது கொடுக்கிறது. அவள் பிள்ளை நோய்ப்பட்டால் சிகிச்சை தருகிறது. பிள்ளையின் அருகில் உட்கார்ந்த நாளுக்குக் கூலி தருவதில்லை. அதே தெருவில் ஜிப்மரில் வேலை பார்க்கும் அம்மாளுக்கு, மத்திய அரசு ஊழியர் என்பதால், 2008 முதல் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு என்று ஒன்று இருக்கிறது: பதினெட்டு வயது வரை, இரண்டு பிள்ளைகளுக்கு, உத்தியோக காலம் முழுதும் சேர்த்து 730 நாள். நல்ல சட்டம், அந்த அம்மாளுக்கு அது கிடைத்ததில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் ஒரே வேனில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஒரே கிருமியை வாங்கிக்கொண்டு வரும் இரண்டு பிள்ளைகளில், ஒன்றுக்குத் தாய் கிடைக்கிறாள், இன்னொன்றுக்குக் கிடைப்பதில்லை. கிருமிக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

ஸ்வீடன் நாட்டில் 1974 முதல் ஒரு வழக்கம். பிள்ளைக்கு உடம்பு சரியில்லையென்று தாயோ தகப்பனோ வீட்டில் நின்றால், இழந்த சம்பளத்தின் பெரும்பகுதியைச் சமூகக் காப்புறுதி கொடுத்துவிடுகிறது. ஒரு பிள்ளைக்கு வருஷத்தில் 120 நாள் வரை. தகப்பன்மாரும் நிற்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அது பணக்கார நாடு, நம்மால் ஆகுமா என்று உடனே சொல்லிவிடுவோம். சொல்வதற்கு முன் கொஞ்சம் பின்னால் திரும்பிப் பார்க்கலாம்.

ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளையின் பசியும் இப்படித்தான் அவரவர் வீட்டுச் சமாசாரமாக இருந்தது. சோறு போட முடியாதவன் பிள்ளையை ஏன் பள்ளிக்கு அனுப்புகிறான் என்று கேட்டவர்கள் உண்டு. 1920-ல் சென்னை மாநகராட்சி, தியாகராயச் செட்டியார் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கத் தீர்மானித்தது. நம் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சியிலேயே, 1930-ல், பள்ளியில் மதிய உணவு தொடங்கிற்று. 1956-ல் காமராஜர் அதைத் தமிழ்நாடு முழுதுக்கும் கொண்டுபோனார், 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார், 2022-ல் தமிழ்நாட்டில் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. இவற்றில் ஒன்றுக்கும் நாம் பணக்கார நாடாகும் வரையில் காத்திருக்கவில்லை. ஒரு நூற்றாண்டில் பசி பொதுவாகிவிட்டது. எவன் வீட்டுப் பிள்ளை பட்டினி கிடந்தாலும் அது நம் எல்லாருடைய வெட்கம் என்று ஒப்புக்கொண்டுவிட்டோம். காய்ச்சல் மட்டும் இன்னும் தனியுடைமையாக இருக்கிறது. பசியாவது பக்கத்துப் பிள்ளைக்கு ஒட்டாது; காய்ச்சல் ஒட்டும். பொதுவாக வேண்டியதில் எது முந்தியிருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

வள்ளுவர் மருந்தைப் பற்றிப் பத்துக் குறள் சொன்னார். கடைசிக் குறளில் வைத்தியத்தை நான்காகப் பிரிக்கிறார்: நோயாளி, வைத்தியன், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவன். இந்த நான்காவது ஆளை அவர் மறக்காமல் சேர்த்தது எனக்கு எப்போதும் வியப்பு. உழவர்கரையில் முதல் மூன்றுக்கும் குறைவில்லை. நோயாளி தாராளம். கோரிமேட்டில் ஜிப்மரே இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் 1823-ல் ஆரம்பித்த மருத்துவப் பள்ளியின் வழிவந்தது அது. மூலைக்கு மூலை மருந்துக் கடை. நான்காவது ஆளைத்தான் நாம் தொழிற்பேட்டைக்கு அனுப்பிவிட்டோம்.

ஆகவே என் தீர்ப்பை நான் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. வசதி இருந்தும் சான்றிதழுக்காக அனுப்புகிறவர் செய்வது தப்பு. அதை மெல்லிய வார்த்தையில் சொல்ல என்னால் ஆகாது. கூலிக்காக அனுப்புகிறவள் செய்வதும் பக்கத்துப் பிள்ளைக்குத் தீங்குதான். ஆனால் அந்தத் தீங்கின் கணக்கில் அவள் பெயரை மட்டும் எழுதுவது அநியாயம். அவளை மூன்று நாளில் மாற்றிவிடுகிற சூப்பர்வைசர், பரிசு கொடுக்கிற பள்ளி, நூற்றுக்கு எழுபத்தைந்து நாள் வருகை இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது என்று பெரிய வகுப்புக்குச் சொன்ன விதியை ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லிப் பயமுறுத்துகிற நாம், எல்லாரும் அந்த வரியில் கையெழுத்துப் போட வேண்டியவர்கள்.

இன்னொரு வகைப் பெற்றோரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 பிப்ரவரியில் தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும் சேர்த்து ஒரே ஊசியாக, ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை போடும் இயக்கம், நாட்டிலேயே முதலில் தொடங்கிய ஐந்து இடங்களில் தமிழ்நாடும் புதுச்சேரியும் இருந்தன. வாட்ஸப்பில் புரளி கிளம்பிற்று. "என் பிள்ளை, என் இஷ்டம்" என்று நன்கு படித்தவர்களே சொன்னதைக் கேட்டேன். தட்டம்மை வந்த ஒரு பிள்ளை, காப்பில்லாத பன்னிரண்டிலிருந்து பதினெட்டுப் பேர் வரைக்கும் அதைக் கொடுக்கக்கூடியது என்பது வைத்திய சாஸ்திரக் கணக்கு. அந்தப் பன்னிரண்டு பேரிடம் யாரும் இஷ்டம் கேட்கவில்லை. கூலிக்காரப் பெண் கையில் வேறு வழி இல்லை. இவர்கள் கையில் இருந்தது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க என் மனம் இடம் கொடுக்கவில்லை.

எங்கள் தெருக் கோடியில் ஓர் ஆயா இருக்கிறார். எழுபது தாண்டியவர், தனிக்கட்டை. மேட்டுப்பாளையத்துக்குப் போகிற பெண்கள் இரண்டு மூன்று பேர், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அவரிடம் விட்டுவிட்டுப் போகத் தொடங்கியிருக்கிறார்கள். பணம் வாங்குவதில்லை, காலையில் ஒரு சொம்பு கஞ்சிக்கு அரிசி கொடுத்தால் போதும். ஒரே ஒரு நிபந்தனை: "மருந்து குடுத்துட்டு வந்து சளிதான்னு சொல்லாதீங்க. எத்தினி டிகிரின்னு நெசத்தைச் சொல்லுங்க." அவருக்குச் சர்க்கரை வியாதி உண்டு. பிள்ளையின் காய்ச்சல் அவருக்கு வந்தால் அது சின்ன விஷயமல்ல என்று அவருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். கடந்த ஐப்பசி மழையில் வரத்தான் வந்தது. ஒரு வாரம் படுத்துவிட்டார். என்னோடு வாதாடிய அந்தப் பெண் இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் அவர் பக்கத்தில் இருந்து கஞ்சி ஊற்றினாள். அந்த இரண்டு நாள் கூலியை அவளுக்குக் கொடுப்பவர் யார் என்று தெருவில் பேச்சு வந்தது. ஜிப்மர் அம்மாள் கொஞ்சம் கொடுத்தார், நான் கொஞ்சம் கொடுத்தேன். சட்டம் போட்ட சான்றிதழ் வைத்திருக்கும் நண்பரும் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "இத முன்னாடியே பேசி வெச்சிருக்கலாமே சார்" என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதாக இருக்கிறோம். மாதம் வீட்டுக்கு எவ்வளவு போடுவது என்பதில்தான் இன்னும் சச்சரவு.